கடைசியாக எதைச் செலுத்தினீர்கள்? குரோமட்டோகிராஃபிக் கருவிக் கோளாறுகளை அறிகுறி கொண்டு நீக்கும் வழிமுறை

பினாங்கில் நான் பணியாற்றும் சோதனைக்கூடத்திற்கு ஒரே வாரத்தில் வந்து சேரும் மாதிரிகளைப் பார்த்தாலே, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபி எனப்படும் வண்ணப்பிரிகை முறை எத்தனை துறைகளுக்குள் நுழைந்திருக்கிறது என்பது விளங்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து மின்சுற்றுப் பலகைகள் வருகின்றன. அவற்றின் மேல் படிந்திருக்கும் குளோரைடு, புரோமைடு, சல்பேட் அயனிகளை அளந்து சொல்ல வேண்டும். செபராங் பிறையிலிருந்து செம்பனை எண்ணெய் வருகிறது. கிச்சாப் எனப்படும் சோயா சாறும் மிளகாய்ச் சாந்தும் பென்சாயிக் அமிலம், சோர்பிக் அமிலம் ஆகிய பதனப்பொருள்களுக்காக வருகின்றன. வலி நீக்கும் மூலிகை என்று விற்கப்படும் பொட்டலங்கள், அவற்றுக்குள் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கண்டறிய வருகின்றன.

துறைகள் வேறுபட்டாலும் கருவிகளின் அடிப்படை அமைப்பு ஒன்றே. ஆனால் கோளாறுகள் கருவியைவிட மாதிரியின் குணத்தையே அதிகம் பிரதிபலிக்கின்றன என்பதை மீண்டும் மீண்டும் பழுது பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எண்ணெய் ஏற்றிய கருவி ஒரு விதமாகவும், கிச்சாப் ஏற்றிய கருவி இன்னொரு விதமாகவும் முரண்டு பிடிக்கும். ஆகவே, யார் உதவி கேட்டு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியாக எதைச் செலுத்தினீர்கள்?” என்பதுதான். கீழே உள்ளவை பெரும்பாலும் உயர் அழுத்த நீர்மக் குரோமட்டோகிராஃபிக்கு, அதாவது ஹெச்.பி.எல்.சி. கருவிக்கு உரியவை. இதில் பம்பு தள்ளும் கரைப்பான், மாதிரியைப் பிரிகைக் குழாய் வழியாகக் கொண்டு செல்கிறது; பிரிந்து வரும் ஒவ்வொரு பொருளையும் டிடெக்டர் எனும் உணர்கருவி வரைகோட்டில் ஒரு முகடாகக் காட்டுகிறது. கரைப்பானுக்குப் பதிலாக வாயு ஓடும், ஜி.சி. எனப்படும் வாயுக் குரோமட்டோகிராஃபியைப் பற்றி இறுதிப் பகுதியில் சொல்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்

கருவி நலமாக இருந்த நாளில் அதன் அழுத்தம் எவ்வளவு, பிரிகைக் குழாய் இல்லாமல் வெறும் இணைப்புடன் ஓட்டினால் எவ்வளவு, செறிவு தெரிந்த தரக்கரைசலின் முகடு எத்தனையாவது நிமிடத்தில் எவ்வளவு பரப்புடன் வந்தது என்ற விவரங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் இன்றைய எண் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியும் பயனில்லை என்றால் பழைய பாகத்தையே திரும்பப் பூட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். எந்த இணைப்பைத் தளர்த்துவதற்கு முன்பும் பம்பை நிறுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

காசு செலவாகாத காரணங்களை முதலில் பாருங்கள். ஓட்ட வேகத்தை யாராவது மாற்றியிருக்கலாம்; பிரிகைக் குழாயின் சூடேற்றி அணைந்திருக்கலாம். அசிட்டோநைட்ரைலுக்குப் பதிலாக மெத்தனாலுக்கு மாறியிருந்தால் அழுத்தம் உயர்வது இயல்பு. மெத்தனாலும் நீரும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலக்கும்போது, அந்தக் கலவை தனி நீரைவிடவும் தனி மெத்தனாலைவிடவும் பாகுத்தன்மை மிக்கதாகிறது. கரைப்பான் விகிதம் படிப்படியாக மாறும் ஓட்டத்தில் நடுவழியில் அழுத்தம் ஏறிப் பிறகு இறங்குவது இதனால்தான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துப் பதறிக் கருவியை நிறுத்திவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இவை எதுவும் இல்லையென்றால், அடைப்பு எங்கே என்று தேட வேண்டும். டிடெக்டரின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பம்பை நோக்கி ஒவ்வோர் இணைப்பாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தளர்த்தியதும் அழுத்தம் சட்டென்று சரிகிறதோ, அடைப்பு அதற்கு அடுத்து டிடெக்டர் பக்கமாக உள்ள பாகத்தில் இருக்கிறது.

பிரிகைக் குழாயைக் கழற்றிய பின்னும் அழுத்தம் இறங்கவில்லை எனில்: பம்புக்கும் ஊசிக்கும் இடையிலுள்ள சிறு வடிகட்டி, இணைப்புக் குழல்கள், மாதிரி செலுத்தும் வால்வு ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். வடிகட்டியும் குழல்களும் மலிவானவை, நீங்களே மாற்றிவிடலாம். வால்வின் சுழல்தகடோ ஊசியின் இருக்கையோ அடைத்திருப்பதாகத் தெரிந்தால் பொறியாளரை அழையுங்கள். பம்பு நின்று, வெளியேற்று வால்வும் திறந்திருக்கும்போது காட்டி சுழியத்திற்கு வராவிட்டால் பழுது அழுத்த உணரியில் இருக்கிறது. அதுவும் அவருடைய வேலைதான்.

பிரிகைக் குழாயைக் கழற்றியதும் அழுத்தம் இயல்புக்கு வந்துவிட்டது எனில்: அதற்கு முன்னால் பூட்டியிருக்கும் சிறிய காப்புக் குழாயை முதலில் மாற்றுங்கள். அதன் விலை பிரிகைக் குழாயின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதை மாற்றியும் குறையவில்லை என்றால், இங்கேதான் அந்த முதல் கேள்வி பயன்படுகிறது.

எண்ணெய் மாதிரி என்றால், சி-18 எனப்படும் வகைப் பிரிகைக் குழாயின் தலைப்பகுதியில் கொழுப்பு படிந்திருக்கும். மெத்தனால் அதை அசைக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு மெதுவான ஓட்டத்தில் கழுவ வேண்டும். அது பாகுத்தன்மை மிக்கது என்பதால் நிமிடத்திற்கு 0.2 மில்லிலிட்டரில் தொடங்குவது நல்லது. கிச்சாப், தேங்காய்ப்பால் போன்ற உணவு மாதிரி என்றால் புரதமே காரணமாக இருக்கும். புரதத்தை அசிட்டோநைட்ரைல் கரைப்பதில்லை, திரளச் செய்கிறது. ஆகவே, வடிகட்டிய மாதிரி தெளிவாகத் தெரிந்தாலும் குழாய்க்குள் கரைப்பானைச் சந்தித்ததும் திரண்டுவிடக்கூடும். செலுத்துவதற்கு முன்பே குப்பியில் சிறிதளவு மாதிரியை மொபைல் ஃபேஸுடன், அதாவது கருவியில் ஓடும் அதே கரைப்பான் கலவையுடன், கலந்து பாருங்கள். கலங்கினால் அது குழாய்க்குள்ளும் கலங்கும்.

பி.எச். எனும் அமில, கார அளவை மாறாமல் காக்கும் ஃபாஸ்பேட் தாங்கல் கரைசலைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அசிட்டோநைட்ரைலின் பங்கு 70, 80 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு படிகமாகிவிடும். தாங்கல் கரைசலிலிருந்து நேரடியாகத் தனி அசிட்டோநைட்ரைலுக்கு ஒருபோதும் தாவக்கூடாது. நடுவில் 10 விழுக்காடு மெத்தனால் கலந்த நீரை அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். மற்றொன்று, நம் ஊர் வெப்பத்தில் நடுநிலை பி.எச். கொண்ட ஃபாஸ்பேட் கரைசலில் ஓரிரு நாள்களிலேயே நுண்ணுயிர் வளர்ந்து சளிபோல் படிகிறது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் ஒரு வாரம் வைத்திருக்கலாம் என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம். அன்றன்று தயாரித்து 0.2 மைக்ரோமீட்டர் சவ்வில் வடிகட்டுங்கள். பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றி நிரப்பாதீர்கள்.

ஒரு தைப்பூச விடுமுறைக்கு முன் மாலையில், நான் அப்போது வேலை செய்த கூடத்தில் தாங்கல் கரைசலைக் கழுவாமலேயே கருவியை நிறுத்திவிட்டுச் சென்றோம். நீண்ட விடுமுறை முடிந்து திரும்பியபோது பம்பின் உந்துதண்டைச் சுற்றி வெள்ளை உப்பு பூத்திருந்தது. குழாய் முழுவதுமாக அடைத்துவிட்டது. உந்துதண்டைச் சுற்றியிருக்கும் ‘சீல்’ எனும் கசிவுத்தடுப்பு வளையத்தையும் பிரிகைக் குழாயையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது. அன்று முதல், விடுமுறைக்கு முந்தைய நாளில் கழுவும் நேரத்தையும் வேலை அட்டவணையிலேயே எழுதி வைக்கிறோம்.

கழுவியும் பயனில்லை என்றால், குழாயைத் திருப்பிப் பூட்டி எதிர்த்திசையில் ஓட்டலாம். ஆனால் உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அப்போது வெளிவரும் அழுக்கு டிடெக்டருக்குள் போகாதபடி குழலை நேராகக் கழிவுக் குடுவையில் விட வேண்டும். அதற்கும் மசியாத குழாயை மாற்றிவிடுவதே சரி.

அறிகுறி: அழுத்தம் துடிக்கிறது அல்லது எழும்ப மறுக்கிறது

பத்தில் ஏழெட்டு முறை காரணம் காற்றுக்குமிழியாகவே இருக்கிறது. குடுவையில் திரவம் இருக்கிறதா, வெளியேற்று வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரிகைக் குழாய்க்குத் திரவம் செல்லாதபடி வால்வைத் திறந்து நிமிடத்திற்கு 5 மில்லிலிட்டர் வீதம் சில நிமிடங்கள் வெளியேற்றுங்கள். குமிழி மீண்டும் மீண்டும் வந்தால் குடுவைக்குள் தொங்கும் உறிஞ்சு வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் அந்த வடிகட்டியே குற்றவாளி.

அதற்கு மேலும் துடித்தால், திரவத்தை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வைப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலை மட்டுமே நெடுநேரம் ஓட்டும் கருவிகளில், வால்வுக்குள் இருக்கும் மாணிக்கக் குண்டு இருக்கையில் ஒட்டிக்கொள்வதுண்டு. வால்வைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இட்டு மீயொலித் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சீல் தேய்ந்திருக்கிறதா என்பதற்கு நான் நம்பும் சோதனை மிக எளிது. 10 மில்லிலிட்டர் அளவுக் குடுவையை வெளியேறும் குழலின் கீழ் வைத்து நேரம் பாருங்கள். நிமிடத்திற்கு 1 மில்லிலிட்டர் ஓட்டத்தில் குடுவை சரியாகப் பத்து நிமிடத்தில் நிரம்ப வேண்டும். திரை எந்த எண்ணைக் காட்டினாலும் குடுவையின் அளவு பொய்யாகாது. சீலை நீங்களே மாற்றலாம். மாற்றிய சில நாள்களிலேயே மறுபடி ஒழுகினால் உந்துதண்டில் கீறல் விழுந்திருக்கும். அப்போது பொறியாளரை அழையுங்கள்.

அறிகுறி: முகடுகள் நேரம் மாறி வருகின்றன

பிரிகைக் குழாயில் தங்காமல் நேராக வெளியேறும் கரைப்பானின் முதல் சிறு முகட்டைக் கவனியுங்கள். அதுவும் மற்றவையும் ஒரே விகிதத்தில் நகர்ந்திருந்தால் கோளாறு ஓட்டத்தில் இருக்கிறது. மேலே சொன்ன குடுவைச் சோதனைக்குச் செல்லுங்கள். அது அசையாமல் நிற்க, மற்றவை மட்டும் நகர்ந்திருந்தால் கோளாறு வெப்பத்திலோ கரைசலிலோ பிரிகைக் குழாயிலோ இருக்கிறது.

வெப்பம்: ஒரு பாகை செல்சியஸ் மாற்றமே, பொருள் குழாய்க்குள் தங்கும் நேரத்தை ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை நகர்த்திவிடும். இரவில் கட்டடத்தின் ஏர்கோன் நின்றுவிடும் அலுவலகங்களில், மாலையில் தொடங்கிய தொடர் ஓட்டத்தின் பின்பாதி முழுவதும் முன்னோக்கி நகர்ந்திருப்பதைக் காணலாம். குழாயைச் சூடேற்றியில் 35 அல்லது 40 பாகையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

கரைசல்: பென்சாயிக் அமிலம் 4.2 என்ற பி.எச். அருகே பாதி அயனியாகிறது. சோர்பிக் அமிலம் ஏறத்தாழ 4.8 அருகே அப்படி ஆகிறது. பதனப்பொருள் சோதனைக்கான தாங்கல் கரைசல்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே இருப்பதால், பி.எச். 0.1 தவறினாலும் இரண்டு முகடுகளும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகரும். பி.எச். அளவியைச் சரிபார்த்து, கரிமக் கரைப்பானைச் சேர்ப்பதற்கு முன்பே அளவிடுங்கள்.

செம்பனை எண்ணெயில் உள்ள, வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த டோக்கோடிரையினால்களை ஹெக்ஸேன் கொண்டு சிலிக்கா குழாயில் பிரிப்பவர்களுக்கு வேறொரு பகை இருக்கிறது, அது ஈரம். ஹெக்ஸேனில் கரையும் மிகச் சிறிதளவு நீரும் சிலிக்காவின் மேல் ஒட்டிக்கொண்டு தங்கும் நேரத்தைக் குறைத்துவிடுகிறது. மழை பெய்யும் பிற்பகலில் மூடியில்லாத குடுவையிலிருந்து ஓட்டினால், காலை முடிவும் மாலை முடிவும் பொருந்தாது. குடுவையை மூடி வையுங்கள். ஒரே தொகுதி ஓட்டத்திற்குத் தேவையான ஹெக்ஸேனை ஒரே முறையாகக் கலந்துகொள்ளுங்கள்.

சமநிலை: 4.6 மில்லிமீட்டர் விட்டமும் 250 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட குழாய்க்குள் ஏறத்தாழ 2.5 மில்லிலிட்டர் திரவம் நிற்கும். அதைப் போல் பத்து மடங்கு ஓடிய பிறகுதான் அளவிடத் தொடங்க வேண்டும். காலையில் அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் தொடங்கிய ஓட்டங்களைத்தான் பிற்பகலில் திரும்பச் செய்ய நேர்கிறது.

மருத்துவமனை ஆய்வகங்களில் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனைக்கு இயங்கும் அயனிப் பரிமாற்றக் கருவியில் நேரம் நகர்ந்தால், ஒருவகை ஹீமோகுளோபின் இன்னொன்றின் சாளரத்திற்குள் விழுந்து தவறான பெயர் பெற்றுவிடும். அந்தக் கருவியில் நீங்களாக எதையும் சரிசெய்ய முயலாமல், தரக் கட்டுப்பாட்டு மாதிரி தவறியதும் நிறுத்திவிட்டு உற்பத்தியாளரை அழையுங்கள். ஆனால் ஹீமோகுளோபின் ஏ-2 அளவு வழக்கத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்து காணப்படுவது எப்போதும் கருவியின் கோளாறு அல்ல. நம் வட்டாரத்தில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் ஈ, இம்முறையில் ஏ-2 வரும் இடத்திலேயே வெளிவருகிறது.

அறிகுறி: முகட்டின் வடிவம் கெட்டுவிட்டது

எல்லா முகடுகளும் பிளந்தோ வால் நீண்டோ வந்தால், குழாயின் நுழைவாயில் நிரப்புபொருள் அமிழ்ந்து வெற்றிடம் உண்டாகியிருக்கலாம், அல்லது யாரோ இணைப்பை அரைகுறையாகப் பூட்டியிருக்கலாம். இணைப்பை முதலில் பாருங்கள். ஒரு முகடு மட்டும் வால் நீண்டால் கருவியில் குறையில்லை. காரப் பண்புள்ள மருந்துப் பொருள்கள் சிலிக்காவின் வெறும் முனைகளைப் பற்றிக்கொள்வதே காரணம். அதற்கு முனை மூடப்பட்ட வேறு குழாய் தேவை.

முதலில் வரும் முகடுகள் மட்டும் அகன்று பிளந்தால், மாதிரியைத் தனி மெத்தனாலில் கரைத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். மூலிகைச் சாறுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். 20 மைக்ரோலிட்டருக்குப் பதிலாக 5 மைக்ரோலிட்டர் செலுத்திப் பாருங்கள். வடிவம் திருந்தினால் காரணம் அதுதான்.

அறிகுறி: மாதிரியில் இல்லாத பொருளுக்கு முகடு வருகிறது

எல்லா அறிகுறிகளிலும் நான் அஞ்சுவது இதைத்தான். மற்றவை வேலையைத் தாமதப்படுத்தும். இதுவோ ஒரு மருந்துக் கடைக்காரரின் மேல் பொய்க் குற்றம் சுமத்தக்கூடும்.

முதலில் எதையும் செலுத்தாமல் ஓட்டுங்கள், பிறகு வெறும் கரைப்பானைச் செலுத்துங்கள், அதன் பிறகு மாதிரியைத் தவிர மற்ற எல்லாப் படிகளையும் கடந்த வெற்று மாதிரியைச் செலுத்துங்கள். செலுத்தாமலே முகடு வந்தால் நீரிலோ கரைப்பானிலோ மாசு இருக்கிறது. வெறும் கரைப்பானில் வந்தால் குப்பி, மூடி, ஊசி ஆகியவற்றில் மாசு இருக்கிறது. மூன்றாவதில் மட்டும் வந்தால் உங்கள் தயாரிப்பு முறையில் இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் முகடு அடுத்தடுத்த வெற்று ஓட்டங்களில் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால், அது முந்தைய செறிந்த மாதிரி ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்லிய முகடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அகலமாகத் தெரிந்தால், அது முந்தைய ஓட்டத்திலிருந்து தாமதமாக வெளிவந்த பொருள்; ஓட்ட நேரத்தை நீட்டிப் பாருங்கள்.

அயனிக் குரோமட்டோகிராஃபியில் இதே கேள்விக்கு விடை பெரும்பாலும் கைகளில் இருக்கிறது. மின்சுற்றுப் பலகையை 75 பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் 25 பங்கு தூய நீரும் கலந்த கரைசலில் 80 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து அயனிகளைப் பிரித்தெடுக்கிறோம். வெறும் விரல் ஒருமுறை பட்டாலே வியர்வையின் குளோரைடு பலகையின் குளோரைடை மிஞ்சிவிடும். தூள் இல்லாத நைட்ரைல் கையுறையும், ஒவ்வொரு தொகுதியுடனும் கூடவே செல்லும், பலகை இடாமல் கரைசல் மட்டும் கொண்ட வெற்றுப் பையும் கட்டாயம். நீரின் மின்தடைமை 18.2 மெகாஓம் சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் மற்ற எதையும் தேடாதீர்கள். முதலில் நீர்ச்சுத்திகரிப்பானின் வடிகலனை மாற்றுங்கள்.

அறிகுறி: அடிக்கோடு நடுங்குகிறது அல்லது சரிகிறது

முகடுகள் இல்லாத இடத்தில் நேராக ஓட வேண்டிய அடிக்கோடு சீரான இடைவெளியில் துடித்தால் பம்பையும், ஒழுங்கற்ற கூர்முனைகள் வந்தால் டிடெக்டர் அறைக்குள் இருக்கும் குமிழியையும் சந்தேகியுங்கள். ஓட்டத்தை நிறுத்தியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் டிடெக்டரின் விளக்கைப் பாருங்கள். டியூட்டீரியம் விளக்குகள் பொதுவாக 2000 மணி நேரம் அளவில் தளர்ந்துவிடுகின்றன. எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதைக் கருவியே காட்டும். மெத்தனாலைக் கொண்டு 205 நானோமீட்டருக்குக் கீழே அளக்க முயன்றால் எந்த விளக்காலும் அடிக்கோட்டைக் காப்பாற்ற முடியாது, ஏனெனில் கரைப்பானே ஒளியை விழுங்கிவிடுகிறது. புதிய விளக்கிலும் ஆற்றல் குறைவாகவே காட்டினால் ஒளியியல் பாகங்களைத் தொடாமல் பொறியாளரை அழையுங்கள்.

அறிகுறி: முகடே வரவில்லை

குப்பியில் திரவம் ஊசிமுனைக்கு எட்டுகிறதா, விளக்கு எரிகிறதா, அலைநீளம் சரியா என்று பாருங்கள். பிறகு தரக்கரைசலைச் செலுத்துங்கள். அது வந்துவிட்டால் கருவியில் குறையில்லை. தயாரிப்பில் மாதிரியை எங்கோ இழந்திருக்கிறீர்கள்.

வாயுக் குரோமட்டோகிராஃபியில்

முகடுகள் மறைந்தால் டிடெக்டருக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சுடர் எரிகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த பளபளப்பான உலோகத்தைச் சுடர் டிடெக்டரின் வாய்க்கு மேல் பிடித்தால், சுடர் எரியும்போது அதில் நீராவி படியும். படியவில்லை என்றால் ஹைட்ரஜன், காற்று ஆகியவற்றின் அளவைச் சரிபார்த்து மீண்டும் ஏற்றுங்கள். முகடுகள் சிறுத்து, நேரமும் தாமதித்தால் ஊசி துளைக்கும் ரப்பர் கசிகிறது. அதை நூறு செலுத்தல்களுக்கு ஒருமுறையாவது மாற்றுவது மலிவான பழக்கம்.

செம்பனை எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது உண்டாகும் 3-எம்.சி.பி.டி. என்னும் மாசை அளப்பவர்கள் ஃபீனைல்போரானிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் மிச்சம் உட்செலுத்தும் கண்ணாடிக் குழலிலும் பிரிகைக் குழாயின் தலையிலும் சேர்ந்து முகடுகளை வால் நீளச் செய்கிறது. கண்ணாடிக் குழலை மாற்றுங்கள்; பிறகு பிரிகைக் குழாயின் முனையில் 20, 30 சென்டிமீட்டரை வெட்டி எறியுங்கள். டிடெக்டராக உள்ள நிறைநிரல்மானியில் அயனிகளை உண்டாக்கும் பகுதி வரை அழுக்கு சென்று, அதைச் சுத்தம் செய்த பின்னும் உணர்திறன் திரும்பவில்லை என்றால், அல்லது வெற்றிடம் நிலைக்கவில்லை என்றால், மேலும் திறக்காமல் பொறியாளரை அழையுங்கள்.

கருவி திரும்ப இயங்கிய பிறகு

பொறியாளர் வரும்போது கடைசிப் பத்து மாதிரிகளின் பட்டியலையும், நீங்கள் மாற்றிப் பார்த்த பாகங்களின் வரிசையையும் எழுதிக் கொடுங்கள். அவர் செலவிடும் நேரம் பாதியாகக் குறையும். பழுது நீங்கிய பின் தரக்கரைசலை ஆறு முறை தொடர்ந்து செலுத்தி, நேரமும் பரப்பும் உங்கள் முறையின் எல்லைக்குள் வருகின்றனவா என்று பாருங்கள். மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டமான ‘சாம்’ வழியாக அங்கீகாரம் பெற்ற கூடங்களுக்கு இந்தப் பதிவு தணிக்கையில் தேவைப்படும். பிறகு குறிப்பேட்டில் பின்னோக்கிச் செல்லுங்கள். தரக்கரைசல் கடைசியாகச் சரியாக வந்த நேரத்திற்கும் கோளாறு கண்ணில் பட்ட நேரத்திற்கும் இடையில் செலுத்திய ஒவ்வொரு மாதிரியையும் மீண்டும் ஓட்ட வேண்டும். அவற்றில் ஏதேனும் ஒன்றின் முடிவு ஏற்கெனவே வாடிக்கையாளருக்குப் போயிருந்தால், அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.